மறுப்புச் சொல்

செருப்புதான் காரணம், வேறொன்றும் இல்லை. வலது செருப்பின் வார் தளர்ந்துவிட்டது, அதனால்தான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் படியில் தேய்ந்தது, அதைப் பார்த்துத்தான் கண்டக்டர் "பாத்து எறங்குங்கய்யா" என்று என் முழங்கையைப் பிடித்தான். என்னை ஒருவன் முழங்கையைப் பிடித்து இறக்கிவிடுவதா. ஓடுகிற பஸ்ஸில் ஏறி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான். வெள்ளியங்கிரி ஏறிவிட்டான் என்றால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட விழித்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவுவான். கையை உதறினேன். உதறச் சொன்னதற்கும் கை உதறியதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்ததுபோல இப்போது தோன்றுகிறது. பை தூக்கிய கை, மரத்துப் போயிருக்கும். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோதும் இப்படித்தான் ஒன்று. தலை வாருகிற அது கையில் இருக்கிறது, அதன் பேர் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்களே, அதுகூட இல்லை, அந்த இடமே காலியாக இருந்தது. "துளசி, இந்த அது... அதுல பல்லு உடைஞ்சிருக்குது பாரு" என்றேன். துளசிமணி சிரித்தாள். "சீப்புங்க. சீப்பு உங்களுக்கென்ன பண்ணுச்சு, பேரைக்கூடச் சொல்ல மாட்டீங்கறீங்க?" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "ஏனுங்க, வாய் ஒருபக்கமா இழுத்திருக்குதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்றேன். போட்டேனா? போட்டிருப்பேன். "இன்னைக்குப் போகாட்டித்தான் என்னங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் போய்க்கொண்டே இருக்கிறேன். சீப்பு. சீப்பு. இதோ, வருகிறதே. சீப்பு என்று இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆடி மாதத்தில் இந்தக் கடைவீதிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் ஒலிபெருக்கி வைத்து, வாங்க வாங்க, உள்ளே வாங்க, வாங்கம்மா வாங்க என்று காது கிழியக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்கு ஒரு விதியும் கிடையாது. ஆனால் காது கேளாத குழந்தைகளுக்கு மிஷின் வாங்கித் தரச் சொல்லி நடைபாதையில் நின்று கேட்கிற பிள்ளைகளுக்கு விதி உண்டு. நான் எழுதிய விதி. அப்போதெல்லாம் இந்த நீல பனியன் பிள்ளைகள், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை விட மாட்டார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வருவார்கள். சனங்கள் பக்கத்துத் தெருவைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று வியாபாரிகள் ஒரு குழு போட்டார்கள், ஜவுளிக்கடை சின்னராசு தலைவர், ஓய்வுபெற்ற பரிசோதகர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மறுத்த பிறகும் தொல்லை செய்கிறார்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யார் மறுத்தது? இந்த ஊரில் எவன் மறுக்கிறான்? "இருக்கட்டுங்க" என்பான். "அப்புறம் பாக்கலாமுங்க" என்பான். "வூட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்பான். திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு வழியாகத் திரும்புவான். மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல இந்த ஊர்க்காரனுக்கு வாய் கூசும். அந்தப் பிள்ளைகளோ ஒவ்வொரு "அப்புறம்" என்பதையும் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள், அவர்களைச் சொல்லி என்ன? ஒரு சொல்லை வைப்போம் என்றேன். அந்த ஒரு சொல்தான் மறுப்பு. அதைச் சொல்லாதவரைக்கும் பேசலாம், சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சின்னராசு நெளிந்தார். "அதெப்படிங்க, பட்டுனு வேண்டாம்னு சொல்றது, நல்லாவா இருக்கும்?" சொல்லிப் பழக வேண்டும் என்றேன். போர்டு வைத்தோம். வேண்டாம் என்று சொல்லுங்கள், விலகிக்கொள்வார்கள். நடைபாதையில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டோம், அதற்குள்ளேதான் நிற்க வேண்டும், சம்பளத்துக்குக் கேட்கிறவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல் காதில் விழுந்தால் கட்டத்தைத் தாண்டக்கூடாது, ஆளைத் தொடக்கூடாது, நன்றி வாசகத்தைத் தவிர வேறு பேசக்கூடாது. நன்றி வாசகமும் என்னுடையதுதான். நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க. எழுதி வைத்ததில் சென்று வாருங்கள் என்று இருந்தது, நான்தான் அடித்துவிட்டு ஊர்ப் பேச்சிலே இருக்கட்டும் என்றேன்.

விதி இருந்தால் போதுமா, பார்க்க ஆள் வேண்டாமா. அதனால் நான் வருகிறேன். சாதாரண ஆளாக, பையும் கையுமாக, முனைக்கு முனை நின்று, வேண்டாம், வேண்டாம், வேண்டாம். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும், கால் கோட்டைத் தாண்டுகிறதா, வாய் அசைகிறதா என்று. வாழ்நாளில் நான் பேசிய மற்ற சொற்களையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு சொல் அவற்றைத் தாண்டிவிட்டிருக்கும். துளசிமணிகூடச் சொல்வாள், "தூக்கத்துல கூட வேண்டாம் வேண்டாம்னுதான் பொலம்பறீங்க, நான் என்னத்தையோ கேட்டுட்ட மாதிரி." சொல் என்றதும் எனக்கு ஏன் குப்புசாமி மச்சான் ஞாபகம் வர வேண்டும். துளசிமணியின் அண்ணன். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் ஏலம் கூறுகிறவர், என்ன குரல் அது, மண்டிக்கு வெளியே ரோட்டில் போகிறவன் நின்று கேட்பான். ஒருநாள் ஏலத்துக்கு நடுவிலேயே வாய் கோணிக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று, ஒன்றே ஒன்றைத் தவிர. ஒரு தரம். தண்ணீர் வேண்டும் என்றாலும் "ஒரு தரம்". வலித்தாலும் "ஒரு தரம்". பேத்தியைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்தாலும் "ஒரு தரம்". எப்போதும் நாக்கில் புரண்டுகொண்டிருந்த சொல் மட்டும் மிஞ்சிவிட்டது என்றார் டாக்டர், உள்ளே எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, சொல்லத்தான் வேறு சொல் இல்லை. நாங்கள் புழக்கடைக்குப் போய்ச் சிரித்தோம், அழுகையை அடக்க வேறு வழி தெரியாமல். மச்சான் "ரெண்டு தரம்" என்று சொல்லிப் பார்க்க எவ்வளவு பாடுபட்டார், வேர்த்துக் கொட்டும், வாய் குவியும், கடைசியில் அதே "ஒரு தரம்". இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். பயமாக இருக்கிறது, அதனால் நினைக்கிறேன். அதற்கென்ன, பயப்படாத மனுசன் உண்டா. செருப்பு வார்தான், பசியும் சேர்ந்திருக்கும், டீ குடித்தால் சரியாகிவிடும்.

டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வலது கையால் வாங்கினேன், வேண்டுமென்றேதான் வாங்கினேன், பார்த்துவிடலாமே என்று. பிடித்தது. நன்றாகவே பிடித்தது. சூடுதான் தெரியவில்லை. ஆறிப்போன டீயாக இருக்கும் என்று வாயில் ஊற்றிக்கொண்டேன், நாக்கு வெந்தது. டீ மாஸ்டர் என் சட்டையைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, பாதி வெளியிலயே போகுது" என்றான். குனிந்து பார்த்தால் வலதுபக்கம் சட்டை நெடுக டீ. எப்போது வழிந்தது, எனக்குத் தெரியவே தெரியாதே. உதட்டோரத்தைத் துடைத்தேன், உதடு வேறு யாருடையதோ போலிருந்தது, பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு இருக்குமே அப்படி. வீட்டுக்குப் போய்விடலாமா. ஆட்டோ பிடித்தால் போய்விடலாம், துளசிமணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்பாள், டாக்டர் அங்கே லைட் அடித்துப் பார்ப்பார், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் ஒரு தரம் ஒரு தரம் என்று சொல்லிக்கொண்டு கிடப்பான். வேண்டாம். ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாம், ஒரே ஒரு கட்டம், பாத்திரக்கடைக்கு எதிரே அந்தப் பெண் நிற்கிற கட்டம். அதைப் பார்க்காமல் போனால் அவளுக்கு விட்டுக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

மோகனப்பிரியா. பொள்ளாச்சிப் பக்கம். அட்டையில் போட்டோ ஒருமாதிரி, நேரில் ஒருமாதிரி. நல்ல பெண்தான், அதுதான் அவளுடைய கோளாறே. சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் முன்னால் நின்று, காது கேளாத குழந்தைகளைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றேன். நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். "ஐயா, வேர்த்துக் கொட்டுதுங்க, இந்தத் தண்ணியக் குடிச்சுட்டுப் போங்க" என்று பாட்டிலை நீட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தாள். வந்தவள் என் கையையும் தொட்டாள். மறுத்த பின் பேசினார், கட்டம் தாண்டினார், தொட்டார். அப்படியே போனில் தட்டிக் குழுவுக்கு அனுப்பினேன். வேறென்ன செய்வது, தண்ணீர் என்பதற்காக விட்டால் நாளைக்கு இன்னொருத்தி மோரோடு வருவாள். அப்புறம் அவளைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். அடுத்தமுறை வேறொரு கட்டத்தில், நான் குடையைத் தவற விட்டுவிட்டுப் போவதுபோலப் போனேன். அது என் வழக்கம்தான். குடை, கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, எதையாவது போட்டுவிட்டு நடப்பேன், ஒருதரம் தடுமாறி விழுவதுபோலக்கூட நடித்திருக்கிறேன், இளகிய மனசுக்காரர்கள்தான் கோட்டைத் தாண்டுகிறவர்கள், அவர்களை அப்படித்தான் பிடிக்க முடியும். அன்றைக்கும் அவள்தான் குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் நின்றுவிட்டாள். அன்றைக்குத் தண்ணீர் நீட்டிய ஆள், இன்றைக்குக் குடை போட்ட ஆள், இரண்டும் ஒரே ஆள் என்று அவள் கண் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். செக்கிங். பஸ்ஸிலும் அந்தப் பார்வையைத்தான் வாழ்க்கை முழுக்கப் பார்த்தேன், ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்காதவர்கள். இன்னொரு தப்பு செய்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவோம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. அந்த வேலையை நம்பித்தான் அவள் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறானாம், சின்னராசு சொன்னார், பாவம் பாருங்க என்றார். பாவம் பார்ப்பது பரிசோதகன் வேலை இல்லை என்றேன். அது சரிதானே. அது சரிதான்.

வாங்க வாங்க, உள்ளே வாங்க என்று பாத்திரக்கடை ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருக்கிறது. அவள் கட்டத்துக்குள் நிற்கிறாள், நீல பனியன், கழுத்தில் அட்டை. என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் காலைக் குனிந்து பார்த்துக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி வைத்துக்கொண்டாள். சபாஷ். நான் போய் முன்னால் நின்றேன். நின்றேனா, ஒருபக்கம் சாய்ந்தேனா, நடைபாதை அங்கே கொஞ்சம் சரிவு. "வணக்கமுங்க ஐயா, ஒரு நிமிசமுங்க" என்று ஆரம்பித்தாள். "நானு இதுக்குச் சம்பளம் வாங்கறவங்க, காது கேக்காத கொழந்தைங்களுக்கு..." அவள் உதடு அசைகிறது. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அவள் பின்னால் அடுக்கி வைத்திருக்கிற பளபளப்பான அதெல்லாம், சோறு பொங்குகிற அது, தண்ணீர் மொள்ளுகிற அது, ஒன்றுக்கும் பேர் இல்லை. ஒரு கடை நிறையப் பேர் இல்லாத சாமான்கள். தலைக்குள் இடதுபக்கம் யாரோ ஒரு கதவை மெதுவாகச் சாத்துகிறார்கள். வலியே இல்லை. வலித்திருந்தால் நம்பியிருப்பேன். பை கீழே விழுந்த சத்தம் கேட்டது, பை இடது கையில்தானே இருந்தது, எப்போது மறுபடி வலதுக்கு மாற்றினேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைத் தொடவில்லை. அம்மாடி, எனக்கு என்னவோ ஆகிறது, ஒரு ஆட்டோவைக் கூப்பிடு, துளசிமணிக்குப் போன் பண்ணு, என் சட்டைப்பையில் போன் இருக்கிறது. இவ்வளவும் வரிசையாக, தெளிவாக, இலக்கணம் பிசகாமல் எனக்குள் இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

அவள் முகம் தளர்ந்தது, பரீட்சை முடிந்த முகம். "நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள். ஐயோ, அது இல்லையம்மா. நான் சொல்ல வந்தது அது இல்லை. இன்னொருதரம் சொல்லிப் பார்க்கலாம், அவசரப்படாமல், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஆட்டோ, ஆட்டோ, ஆட்டோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன், வேண்டாம். ஒரு அடி வைத்தேன், வலது கால் வரவில்லை, செருப்பு மட்டும் கழன்று நடைபாதையில் கிடந்தது, நான் பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தேனா விழுந்தேனா. வார் தளரவில்லை, கிடக்கிற செருப்பு இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது, வார் புத்தம்புதிதாக இருக்கிறது. சனங்கள் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். "மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று ஒரு அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒருவர், வேட்டி கட்டியவர், நல்ல மனுசன், கையில் ஆடித் தள்ளுபடிப் பை, குனிந்தார். "ஏனுங்க பெரியவரே, மேலுக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா? தூக்கி விடட்டுங்களா?" தூக்குங்கள். ஆமாம் என்று தலையையாவது ஆட்டலாம், தலை எந்தப் பக்கம் ஆடியதோ. வேண்டாம் என்றது வாய். இந்த ஊரில் முன்பு எவனும் சொல்லாத அந்தச் சொல்லை, நானே சொல்லிக்கொடுத்து ஊரே பழகிய அந்தச் சொல்லை, மூஞ்சிக்கு நேராக அவரிடம் சொன்னேன். அவர் கை பாதியில் நின்றது. அவள் பக்கம் திரும்பினார். "யாரும்மா இது, உனக்குத் தெரியுமா?" அவள் தணிந்த குரலில் சொன்னாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னாள், "தொடாதீங்கண்ணா. அவரு செக்கிங் சாருங்க. இப்படித்தான் விழற மாதிரி விழுந்து எங்களச் சோதிப்பாருங்க." வேட்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, இப்படியும் ஒரு பொழப்பா" என்று சிரித்துக்கொண்டே கூட்டத்தில் கலந்துவிட்டார்.

துளசிமணி இந்நேரம் சாப்பிடாமல் காத்திருப்பாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று காலையில் சொன்னாள், அதற்கும் பேர் இல்லை. மச்சான் வேர்க்க விறுவிறுக்க வாயைக் குவித்தது இதற்குத்தான், இரண்டாவது தரத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று. எனக்கு ஒரு எழுத்துப் போதும். வா. வா என்று சொன்னால் போதும். தலைக்கு மேலே அதைத்தான் ஓயாமல் கத்துகிறார்கள், வாங்க வாங்க, உள்ளே வாங்க, அது என் காதுக்குள் புகுந்து வாய் வரைக்கும் வருகிறது, வாயில் ஆளில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போகிறவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் கண் என் வாயைப் பார்க்கிறது, வாயோரம் வழிகிறதைப் பார்க்கிறது, மடியில் செத்துக் கிடக்கிற என் கையைப் பார்க்கிறது, கழன்று கிடக்கிற செருப்பைப் பார்க்கிறது. அவள் முகத்தில் ஏதோ மாறுகிறது. இவ்வளவு நன்றாக ஒருவனால் நடிக்க முடியுமா என்று அவள் யோசிக்கிறாள், யோசி, அம்மாடி, நன்றாக யோசி, தண்ணீர் பாட்டிலை நீட்டியவள்தானே நீ. அவள் கழுத்து அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவள் வலது கால் நகர்ந்தது. கட்டைவிரல் மஞ்சள் கோட்டின் மேல் ஏறியது. "ஐயா" என்றாள், விதியில் இல்லாத சொல். "ஐயா, நெசமாவே ஏதாச்சும் ஆயிருச்சுங்களா? சொல்லுங்க ஐயா, நான் வரட்டுங்களா?" இருக்கிற பலத்தையெல்லாம், மிச்சமிருக்கிற அந்த இடதுபக்கம் முழுவதையும், வாய்க்குக் கொண்டுவந்தேன். வா. வா. வா.

"வேண்டாம்!"

தெளிவாக விழுந்தது. இத்தனை வருசத்தில் அவ்வளவு தெளிவாக நான் சொன்னதே இல்லை. அவள் காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். கைகூப்பினாள், கண் நிறைந்திருந்தது. "நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க" என்றாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க." நான் அவளைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு தடவைக்கும் அவள் ஓர் அடி பின்னால் போனாள்.